பிரேக் வேலைக்கு டிரெய்லரை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்

லோபெட் டிரெய்லர் (மெஷின் ஏற்றிப் போகும் தாழ்வான டிரெய்லர்) வைத்திருப்பவர்களும் அதில் ஹிட்டாச்சி, ஜேசிபி ஏற்றி இறக்கும் டிரைவர்களும் இதை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள்.

எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) முன்னால் எங்கள் மூன்று ஆக்சில் லோபெட்டை பைபாஸ் ஓரத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். ஆறு சக்கரத்துக்கும் புது லைனிங் (பிரேக் பிடிக்கும்போது டிரம்மில் உரசும் பட்டை), இரண்டு புது ஸ்பிரிங் பிரேக் சேம்பர் (உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கால் பார்க்கிங் பிரேக்கைப் பிடிக்கும் காற்று டப்பா), ரேம்ப் கீலுக்குப் புது பின் (கீலைக் கோக்கும் இரும்பு முளை), கூலி எல்லாம் சேர்த்து 52,000 ரூபாய். பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதியிருந்தது. நான் வேறு லோடு விஷயமாக அலைந்துகொண்டிருந்ததால் அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட பட்டறைப் பக்கம் போகவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

முதல் லோடு கிருஷ்ணகிரியில் இருந்து சேலத்துக்கு, 20 டன் ஹிட்டாச்சி. அது ரேம்ப்பில் ஏறி உச்சிக்கு வரும்போது வண்டி மொத்தமும் அரை அடி நகர்ந்திருக்கிறது. பின்னால் இருந்து ஏற்றும்போது எடை முழுக்க டிரெய்லரின் வால் பக்கம் இறங்கும், முன்னால் இருக்கும் குதிரையின் (டிரெய்லரை இழுக்கும் வண்டியின்) பின்சக்கரம் லேசாகிவிடும், அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது டிரெய்லரின் பார்க்கிங் பிரேக்கும் சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையும்தான். கட்டை நல்ல கட்டையாக இருந்ததால் அரை அடியோடு நின்றது. தரை சரிவு என்று நினைத்து டிரைவர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறங்குவதற்கு முன்னால் எப்போதும்போல டீக்கு நிறுத்தியிருக்கிறார். இவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரமாகப் போய் டிரம் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய் சூடு பார்ப்பார், தொடமாட்டார். அன்றைக்கு முன் ஆக்சில் இரண்டு பக்கமும் அனல் அடித்தது, லைனிங் கருகும் வாடை. நடு ஆக்சிலும் பின் ஆக்சிலும் சில்லென்று கிடந்தன. சூடாக இருப்பதைத்தான் நாம் பார்த்துப் பயப்படுவோம், ஆனால் இத்தனை கிலோமீட்டர் ஓடி வந்த பிறகும் ஒரு டிரம் சில்லென்று இருந்தால் அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை என்று அர்த்தம். எனக்கு போன் செய்து, "அண்ணா, இந்த வண்டிய நான் கணவாய் இறக்க மாட்டேனுங்க" என்றார். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் எத்தனை லாரிகள் முன்னால் போகும் கார்களை நசுக்கியிருக்கின்றன என்று அந்த ரோட்டில் ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் டீ குடித்துவிட்டு அப்படியே கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் யோசிக்க முடியவில்லை.

தர்மபுரியில் இருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு, சமதரையில் கட்டை கொடுத்து, சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தோம். முன் ஆக்சிலில் மட்டும் புது லைனிங். மற்ற நான்கிலும் பழசு. ரிவெட் தலை வெளியே தெரிந்து டிரம்மில் விரல் நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கோடு விழுந்திருந்தது. ஒரு சக்கரத்தில் கிரீஸ் சீல் போய் லைனிங் முழுக்க எண்ணெய் ஊறியிருந்தது. லைனிங் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை யாரும் தொட்ட அடையாளமே இல்லை. எல்லாவற்றையும்விட என் வயிற்றைக் கலக்கியது அந்த "புது" சேம்பர்கள். பழைய சேம்பருக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து, காற்று கசிவது தெரியாமல் இருக்க உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை போல்ட் போட்டு இழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். அந்த இரண்டு சக்கரத்துக்கும் பார்க்கிங் பிரேக்கே கிடையாது. கிருஷ்ணகிரியில் வண்டி ஏன் நகர்ந்தது என்று அப்போதுதான் புரிந்தது. (அந்த சேம்பரை நீங்களே பிரிக்கப் போகாதீர்கள். போல்ட் போட்டு ஸ்பிரிங்கை அடக்காமல் கிளாம்ப்பைக் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே கொன்றுவிடும்.)

சரி, பிரேக்கை அங்கேயே சரிசெய்து, மறுநாள் சேலம் போய் இறக்கும்போது ரேம்ப். கிளீனர் பையன் கொக்கியை எடுத்ததும் வலது பக்க ரேம்ப் படாரென்று விழுந்தது. ரேம்ப்புக்கு நேர் பின்னால் நிற்கவே கூடாது, பக்கவாட்டில் நின்றுதான் கொக்கி எடுக்க வேண்டும் என்று டிரைவர் அவனைப் பழக்கி வைத்திருந்ததால் கால் தப்பித்தது. குனிந்து பார்த்தால், கீல் பின் இருக்க வேண்டிய துளையில் அதைவிட மெலிசான கட்டுமானக் கம்பித் துண்டு, இரண்டு முனையிலும் பொட்டு வெல்டிங்.

இனி நான் செய்யப் போவதைச் சொல்கிறேன், நீங்களும் செய்யுங்கள். சக்கரம் கழற்றும் நாளிலும் மாட்டும் நாளிலும் பட்டறையில் நில்லுங்கள், கழற்றிய பழைய லைனிங்கையும் சேம்பரையும் கேட்டு வாங்கி வண்டியிலேயே போடுங்கள். வண்டி எடுக்கும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காற்று நிறைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, சேம்பரில் இருந்து ராடு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒருவரை நன்றாக பிரேக் மிதிக்கச் சொல்லி, கோடு எவ்வளவு தள்ளி வருகிறது என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். சாதாரண 30 நம்பர் சேம்பருக்கு 2 இஞ்சுதான் எல்லை. அதைத் தாண்டினால் வண்டியை எடுக்காதீர்கள். ஆறு சக்கரத்துக்கும் அரை மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் பார்க்கிங் பிரேக் போட்டு, கட்டையை எடுத்துவிட்டு, குதிரையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள், டிரெய்லர் நகரக் கூடாது. சேம்பரின் பின்பக்கம் போல்ட் நீட்டிக்கொண்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ரேம்ப் கீலை டார்ச் அடித்து, பின்னையும் வெல்டிங் விரிசலையும் பாருங்கள். ஏற்றும்போது வால் பக்கத்துக்கு முட்டு கொடுக்காமல் மெஷினை ஏற விடாதீர்கள்.

பட்டறைக்காரரிடம் பழைய லைனிங்கைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். வேலைக்காரப் பையன் மாற்றிப் போட்டிருப்பான் என்றார். 20,000 திருப்பிக் கொடுத்தார், மீதிக்கு இன்னும் நடக்கிறேன். ரேம்ப்புக்குப் புது பின் லேத்தில் கடைய நாமக்கல்லில் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரும். அதை நானே நின்று மாட்டும்வரை வண்டி ஷெட்டில்தான்.