சிட்னி டிக்கெட்: நேர் விமானமா, சிங்கப்பூர் வழியா?

ஓசூர், கிருஷ்ணகிரியில் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருக்கும் வீடுகளில், டிக்கெட் போடும்போது பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் பேச்சில் வரும். ஒன்று, பெங்களூருவிலிருந்து சிட்னிக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய குவாண்டாஸ் நேர் விமானம். இன்னொன்று, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி மாறும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். எதில் போனாலும் பெங்களூரு நெரிசலைத் தாண்டி தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர வேண்டியதுதான். வித்தியாசம் அதற்கு அப்புறம்தான்.

விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எகானமியில் ஒரே வரிசையில் உட்காரும் இருவரின் டிக்கெட்டில் வேறு வேறு எழுத்து இருக்கும். அதுதான் கட்டண வகுப்பு. டிக்கெட்டை மாற்ற எவ்வளவு கேட்பார்கள், ரத்து செய்தால் பணம் வருமா, அடிக்கடி பறப்பவர்களுக்குச் சலுகையாக விமான நிறுவனம் கணக்கில் சேர்க்கும் மைல் எவ்வளவு என்பதெல்லாம் அந்த எழுத்தைப் பொறுத்தது. ஒரு நிறுவனத்தின் எழுத்து இன்னொன்றில் அதே பொருளைத் தராது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் எகானமி லைட் என்ற மலிவுக் கட்டணத்துக்கு வி, கே என்ற எழுத்துகள். பறந்த தூரத்தில் பாதிதான் மைலாகச் சேரும். ஸ்டாண்டர்டு கட்டணத்தில் முழுத் தூரமும் சேரும். பெங்களூரு, சிங்கப்பூர், சிட்னி என்று போய்த் திரும்பினால் ஏறக்குறைய 11,700 மைல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் உறுப்பினர் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் எலைட் சில்வர் என்ற அந்தஸ்துக்கு 12 மாதங்களில் 25,000 எலைட் மைல் (அந்தஸ்துக்காக எண்ணப்படும் மைல்) வேண்டும், அதற்கு மேலான கோல்டுக்கு 50,000. லைட்டில் நான்கு முறை போய் வந்தாலும் சில்வர்கூட எட்டாது.

குவாண்டாஸ் கணக்கு வேறு மாதிரி. பரிசு டிக்கெட் வாங்கப் பயன்படும் பாயின்ட் தனி, அந்தஸ்தைத் தீர்மானிக்கும் ஸ்டேட்டஸ் கிரெடிட் தனி. சிட்னியிலிருந்து மெல்பர்ன் போக மலிவு எகானமியில் 10 கிரெடிட், ஃப்ளெக்ஸ் எகானமியில் 20, பிசினஸில் 40. சில்வருக்கு 300, கோல்டுக்கு 700 கிரெடிட் வேண்டும். அதோடு அந்த ஆண்டில் குவாண்டாஸ் அல்லது அதன் மலிவு விமான நிறுவனமான ஜெட்ஸ்டாரில் குறைந்தது நான்கு விமானங்களாவது ஏறியிருக்க வேண்டும். நேர் விமானத்தில் போய் வந்தால் இரண்டுதான் ஆகும்.

ஆகவே பேரப்பிள்ளையைப் பார்க்க ஆண்டுக்கு ஒரு முறை போகும் அப்பா அம்மாவுக்கு அந்தஸ்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இருவரும் பறந்த கணக்கை ஒருவர் பெயரில் சேர்க்கவும் முடியாது. அவர்களுக்கு நான் நேர் விமானத்தையே சொல்வேன். தெரியாத ஊரில் இறங்கி அடுத்த வாசலைத் தேடும் கஷ்டம் இல்லை. கையில் காசு இருந்தால் தேதியை மாற்ற வசதியுள்ள கட்டணத்துக்குச் செலவழியுங்கள். பிரசவத்துக்கு உதவப் போகிறவர்கள் திரும்பும் தேதி பெரும்பாலும் மாறும். அப்புறம், பெட்டியில் இடம் இருக்கிறதே என்று நம் ஊர் மாம்பழத்தை வைத்துவிடாதீர்கள். பயணிகள் பழம் கொண்டுவர ஆஸ்திரேலியாவில் அனுமதி இல்லை.

கிரானைட், மாங்கூழ் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும், அடிக்கடி டெல்லி போகும் ஓசூர் பொறியாளர்களுக்கும் இதே பதில் பொருந்தாது. அவர்களுக்குச் சிங்கப்பூர் பக்கம்தான் நல்லது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸைப் போலவே ஏர் இந்தியாவும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால், அதில் டெல்லி போய் வரும் மைலையும் கிரிஸ்ஃப்ளையரில் சேர்க்கலாம். அங்கும் டிக்கெட்டின் எழுத்தைப் பொறுத்தே கிடைக்கும். அலுவலகம் போட்டுத் தரும் மலிவு டிக்கெட்டில் சேருமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். எலைட் கோல்டு கிடைத்தால் ஸ்டார் அலையன்ஸ் விமானங்களில் லவுஞ்சும் கூடுதல் பெட்டியும் உண்டு. பெட்டி நிறைய சாம்பிள் தூக்கிப் போகும் வியாபாரிக்கு அது உண்மையான லாபம்.

குவாண்டாஸ் சேர்ந்திருப்பது ஒன்வேர்ல்டு என்ற இன்னொரு கூட்டணியில். ஸ்ரீலங்கன், மலேசியா ஏர்லைன்ஸ், கத்தார் எல்லாம் அதே கூட்டணி. கொழும்பு, கோலாலம்பூர், தோஹா வழியாகவே அதிகம் போகிறவர் இந்தப் பக்கம் கணக்கு வைக்கலாம், ஆனால் அந்த நான்கு விமான நிபந்தனை அவருக்கும் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் டிக்கெட் போடும்போதே உறுப்பினர் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். மைல் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.