சுரங்க வேலை: சம்பளத்துக்கு முன்னால் கூரையைக் கேளுங்கள்

சுரங்க வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களில் சம்பளம் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். எங்கே படுப்பது, சாப்பாடு யார் பொறுப்பு, வேலை போனால் எத்தனை நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் கிடக்கும். நான் அந்தப் பக்கங்களிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். தாது இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஊர் இருப்பதில்லை. ஆகவே வேலையோடு சேர்த்து ஒரு கூரையும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மாதக் கடைசியில் மிச்சம்.

முன் அனுபவம் இல்லாமல் சேர்கிறவருக்குக் கிடைக்கும் வேலைகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை மண்வெட்டியால் வாரிப்போடுவது, துளையிடும் இயந்திரத்துக்குக் குழாய் எடுத்துக் கொடுப்பது, பம்ப்பைக் காவல் காப்பது. தங்கும் ஏற்பாடுதான் மாறுகிறது. சில வாரம் முகாமில் வேலை, சில நாள் வீட்டில் விடுப்பு என்று போய்வரலாம். கம்பெனிக் குடியிருப்பில் குடும்பத்தோடு வாழலாம். கூடுதல் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சுரங்கத்துக்கு அருகில் சொந்தமாக அறை பார்த்துக்கொள்ளலாம். நான்காவதாக, சிறு குழிகளில் பங்குக்குத் தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பணம் சேர்க்க வேண்டும் என்று மட்டும் பார்த்தால் முகாமுக்குத்தான் என் வாக்கு. ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புத்தாதுச் சுரங்கங்களுக்கு ஆட்கள் விமானத்திலேயே வந்து போகிறார்கள். படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் அங்கேயே. வேலை நாட்களில் பணப்பையைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு பெருக்கல் கணக்கு இருக்கிறது. 14 நாள் வேலை, 7 நாள் விடுப்பு, நாளுக்கு 12 மணி நேரம் என்றால் 21 நாட்களில் 168 மணி நேரம். வாரத்துக்குச் சராசரி 56. 8 நாள் வேலை, 6 நாள் விடுப்பு என்றால் வாரத்துக்கு 48. 28 நாள் வேலை, 7 நாள் விடுப்பு என்றால் 67-ஐத் தாண்டிவிடும். கடைசி இரண்டு வேலைகளுக்கும் ஆண்டுச் சம்பளம் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். 28 நாள் சுழற்சிக்குப் போகிறவர் அதே பணத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் அதிகமாக உழைக்கிறார். விளம்பரத்தில் இது தெரியாது.

பயண நாள் யார் கணக்கில் விழுகிறது என்பதையும் கேட்க வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று இரண்டும் விடுப்பிலிருந்து கழிந்தால் 7 நாள் 5 ஆகிவிடும். அறையையும் பார்க்க வேண்டும். சில முகாம்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு அறை; சாமான்களை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இன்னும் மோசமான இடங்களில் பகல் ஷிஃப்ட்காரர் எழுந்து போன படுக்கையில், சூடு ஆறுவதற்குள், இரவு ஷிஃப்ட்காரர் வந்து படுப்பார். இந்த வாழ்க்கை மனநலத்தை என்ன செய்கிறது என்பதை மேற்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று தனியாகவே விசாரித்து 2015-இல் அறிக்கை தந்தது. முகாமில் மிச்சப்பட்டது விடுப்பில் கரைவதும் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறவர் ஒவ்வொரு முறையும் விருந்தாளி மாதிரிதானே வருகிறார், கை தாராளமாகிவிடும்.

கம்பெனிக் குடியிருப்பு நிம்மதியானது. வாடகை சொற்பம், மின்சாரமும் தண்ணீரும் பல இடங்களில் இலவசம், பள்ளியும் மருத்துவமனையும் நடக்கும் தூரத்தில். சம்பளம் குறைவாகத் தெரிந்தாலும், இவற்றுக்கெல்லாம் வெளியே ஆகும் செலவைச் சேர்த்தால் முகாம் சம்பளத்துக்கு அருகில் வந்துவிடும். பிள்ளைகள் இருப்பவருக்கு இதற்கு ஈடு இல்லை. சிக்கல் என்னவென்றால், வீட்டுச் சாவியும் வேலையும் ஒரே வளையத்தில் கோத்திருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் 1913-இல் வேலைநிறுத்தம் செய்த நிலக்கரித் தொழிலாளர்கள் கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கூடாரங்களில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். லட்லோவில் இருந்த அந்தக் கூடாரங்கள்தான் 1914 ஏப்ரலில் தாக்கப்பட்டு எரிந்தன. ஜப்பானின் ஹாஷிமா தீவில் 1974 ஜனவரியில் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. ஏப்ரலில் தீவில் ஒருவர்கூட இல்லை. முப்பது ஆண்டு உழைத்தவருக்கும் மூன்று மாதம் முன்பு சேர்ந்தவருக்கும் ஒரே படகு.

குடியிருப்பில் கடையும் கம்பெனியுடையதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. சம்பளத்தைப் பொருளாகவும் டோக்கனாகவும் கொடுத்து, அதே கடையில் செலவழிக்க வைப்பது சுரங்க முதலாளிகளின் பழைய வித்தை. பிரிட்டன் 1831-லேயே இதற்கு எதிராகச் சட்டம் போட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு ஒப்பந்தமும் கம்பெனிக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்கிறது.

மூன்றாவது வழிதான் பார்வைக்குக் கவர்ச்சியானது. ஏமாந்தவர்களும் இதில்தான் அதிகம். வீட்டு வாடகைப் படியோ கூடுதல் கூலியோ கையில் வருகிறது, யாருக்கும் கட்டுப்பட வேண்டாம். ஆனால் கூலியை ஏற்றிய அதே நெருக்கடி வாடகையையும் ஏற்றும். அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தின் வில்லிஸ்டன் சிறிய ஊர். அருகில் ஷேல் எண்ணெய் (பாறைக்குள் சிக்கியிருக்கும் எண்ணெய்) பொங்கியபோது எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். 2014 தொடக்கத்தில் வெளியான ஓர் ஒப்பீட்டில், ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகை நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் மிஞ்சி அங்கே நின்றது. அந்த ஆண்டு நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. வேலை அதோடு போய்விடும். ஓராண்டுக்கு எழுதிக் கொடுத்த வாடகை ஒப்பந்தம் போகாது.

படியை வாங்குகிறவர் அதை வீட்டுக்குத்தான் செலவழிப்பார் என்பதும் காகிதக் கணக்கு. தென்னாப்பிரிக்க பிளாட்டினம் சுரங்கங்களில் விடுதி வேண்டாம் என்றவர்களுக்கு வெளியே தங்கும் படி கொடுத்தார்கள். பலர் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத தகரக் குடிசைகளில் ஒண்டிக்கொண்டு, மிச்சத்தை ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். 2012 ஆகஸ்ட் 16 அன்று அந்தச் சுரங்கப் பகுதியிலுள்ள மரிக்கானாவில் வேலைநிறுத்தம் செய்த 34 தொழிலாளர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். மாதம் 12,500 ராண்ட் என்பது அவர்களுடைய கோரிக்கை. 5,500 வீடுகள் கட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்த, அங்கே சுரங்கம் நடத்திய லோன்மின் நிறுவனம் கட்டியவை மூன்று மாதிரி வீடுகள் மட்டுமே என்பது பின்னர் விசாரணை ஆணையத்தின் முன் தெரியவந்தது.

புதியவருக்கு இந்த மூன்றாவது வழியில் இன்னொரு பள்ளமும் உண்டு. மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புப் பயிற்சி, பூட்ஸ், பயணம், அறைக்கு முன்பணம் எல்லாம் முதல் சம்பளத்துக்கு முன்பே வந்து நிற்கும். முதல் சம்பளமோ ஒரு மாதம் கழித்து. இடையில் காண்டிராக்டர் முன்பணம் நீட்டுவார். அடுத்த சம்பளச் சீட்டில் பிடித்தங்களின் பத்தி வரவுகளின் பத்தியைவிட நீளமாக இருக்கும்.

சிறு குழி வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உலக வங்கிக் கணக்குப்படி 4 கோடிக்கும் அதிகமானோர் கைத்தொழிலாகச் சுரங்கம் தோண்டுகிறார்கள். கூலி கிடையாது; கிடைத்ததில் பங்கு. டீசலுக்கும், தங்கத்தைப் பிரிக்கும் பாதரசத்துக்கும் கடன் கொடுத்தவரே பல இடங்களில் தங்கத்தையும் வாங்குகிறார், விலையும் அவரே வைக்கிறார். வேறு வழி இல்லாதவர்களின் வழி அது.

எந்த வழியில் போனாலும் தூசி கூடவே வரும். உலக உழைப்பாளர்களில் சுமார் 1 சதவீதம்தான் சுரங்கங்களில் இருக்கிறார்கள். பணியிட விபத்து மரணங்களில் சுமார் 8 சதவீதம் அங்கே நிகழ்கிறது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. பாறையை உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய் பல ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான இழப்பீட்டு உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது 2019-இல். அதில் 1965 முதல் வேலை பார்த்தவர்களும் அடக்கம். அத்தனை ஆண்டுக்குப் பிறகு கேட்க வேண்டுமென்றால், எந்தச் சுரங்கத்தில் எப்போது இருந்தோம் என்பதற்குத் தாள் வேண்டும். நிரந்தரப் பணியாளருக்கு அது கோப்பில் இருக்கும். நான்கு காண்டிராக்டர்களிடம் மாறி மாறி வேலை செய்தவர் தானே பாதுகாத்து வைத்திருந்தால்தான் உண்டு.

கடனோடு தனி ஆளாகக் கிளம்புகிறவருக்கு 8-6 சுழற்சி முகாம், கிடைக்காவிட்டால் 14-7, 28-7 கூடவே கூடாது. குடும்பத்தோடு போகிறவருக்குக் கம்பெனிக் குடியிருப்பு, அதுவும் முதல் மாதத்திலிருந்தே வெளியே ஒரு வீட்டுக்குச் சேமிக்க முடிந்தால். படியை நம்பி ஊரில் அறை தேடப் போகிறவர், அறை உறுதியான பிறகு பஸ் ஏறட்டும். யாராக இருந்தாலும், பை ஒன்றில் முதல் சம்பளச் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் போட்டு வைக்கட்டும்.