ஃபுல் விட்த் பேக்ரவுண்டு: ராப்பரா, 100விடபிள்யூவா, பேடிங்கா?

கன்டென்ட் நடுவுல 1100 பிக்சலுக்குள்ள நிக்கணும், ஆனா செக்ஷனோட கலர் மட்டும் ஸ்க்ரீன் ரெண்டு ஓரத்தையும் தொடணும். வெப் பேஜோட தோற்றத்தை எழுதுற சிஎஸ்எஸ்ல இதுக்கு வழி ஏகப்பட்டது இருக்கு. சமீபத்துல ஒரு சைட்டோட லேஅவுட்டைத் திரும்ப எழுதினப்ப நான் எடுத்தது பேடிங் (பாக்ஸோட உள் ஓர இடைவெளி) வழி, அதனால அந்தப் பக்கம் சாய்ஞ்சுதான் பேசுவேன்.

பழைய ராப்பர் வழி எல்லாருக்கும் தெரியும். வெளிய செக்ஷன், உள்ள கன்டென்ட்டைச் சுத்தி ஒரு கன்டெய்னர் டிவ் (வெறும் பெட்டி), அதுக்கு அகல வரம்பா மேக்ஸ்-விட்த், நடுவுல நிக்க மார்ஜின் ஆட்டோ. எந்த பிரௌசர்லயும் ஓடும். செக்ஷனுக்கு ஒரு டிவ் கூடுது, யாராவது அதைப் போட மறந்தா டெக்ஸ்ட் ஓரத்துல போய் ஒட்டிக்கும், குறைன்னா அவ்வளவுதான்.

அடுத்து 100விடபிள்யூ, அதாவது பிரௌசர் விண்டோவோட முழு அகலம். விட்த் 100விடபிள்யூ, லெஃப்ட் மார்ஜினுக்கு 50 சதவீதத்துல இருந்து 50விடபிள்யூவைக் கழிச்சது. கன்டெய்னருக்குள்ள மாட்டிக்கிட்ட எலிமென்ட்டைக்கூட வெளிய இழுத்துடும், அதனாலதான் இதை நிறைய பேர் காப்பி பண்றாங்க. சிக்கல் ஸ்க்ரோல்பார்ல இருக்கு. செங்குத்து ஸ்க்ரோல்பார் பிடிச்சிருக்கிற இடத்தையும் சேர்த்துதான் 100விடபிள்யூ கணக்காகும், அதனால விண்டோஸ்ல அது ஒரு 15 பிக்சல் எடுத்துச்சுன்னா செக்ஷன் அந்த 15 பிக்சல் பிதுங்கி, கீழ ஒரு படுக்கை ஸ்க்ரோல்பார் வந்து உக்காரும். மொபைல்லயும் டிராக்பேட் வச்ச மேக்லயும் ஸ்க்ரோல்பார் கன்டென்ட் மேலயே மிதக்கும், இடம் எடுக்காது. அதனால எழுதுறவர் மெஷின்ல எல்லாம் சுத்தமா இருக்கும், பார்க்கிறவர் மெஷின்லதான் பேஜ் இடமும் வலமும் ஆடும்.

இதை அடக்க மேல இருக்கிற ராப்பருக்கு பக்கவாட்டுல பிதுங்குறதை மறைக்கிற ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிட்டன் போடுவாங்க. போட்ட உடனே அந்த ராப்பரே ஸ்க்ரோல் கன்டெய்னர் ஆயிடும், ஸ்க்ரோல் பண்ணாலும் மேலயே நிக்க வேண்டிய ஸ்டிக்கி ஹெடர் ஒட்டாம மேல போயிடும், பின்னாடி வந்து கோடைப் பார்க்கிறவருக்கு ஹெடர் உடைஞ்சதுக்கும் எங்கயோ இருக்கிற ஒரு பேக்ரவுண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு தோணவே தோணாது. ஹிட்டனுக்குப் பதிலா கிளிப் போட்டா ஸ்டிக்கி பிழைக்கும், ஆனா சஃபாரில அது 16ஆவது வெர்ஷன்ல இருந்துதான் வருது. ஒரு கலர் அடிக்க இத்தனை முட்டுக் கொடுக்கணுமா? பராமரிப்புன்னு பார்த்தா இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

பேடிங் வழில இந்த வம்பே இல்ல. செக்ஷன் இயல்பாவே முழு அகலம், அதை நாம தொடுறதில்ல. பேடிங்-இன்லைனுக்கு (இடம், வலம் ரெண்டு பேடிங்குக்கும்) பெரிய மதிப்பை எடுக்கிற மேக்ஸ் ஃபங்ஷன் குடுத்து, முதல் மதிப்பா 1ரெம் (பேஜோட அடிப்படை எழுத்தளவு), ரெண்டாவதா 100 சதவீதத்துல இருந்து கன்டென்ட் அகலத்தைக் கழிச்சு ரெண்டால வகுத்தது. பெரிய ஸ்க்ரீன்ல ரெண்டாவது ஜெயிக்கும், கன்டென்ட் நடுவுல நிக்கும். சின்ன ஸ்க்ரீன்ல 1ரெம் ஜெயிக்கும், ஸ்க்ரீன் அளவுக்குத் தனி விதி எழுதுற மீடியா குவரி வேண்டாம். விடபிள்யூ இல்லாம சதவீதத்துல போறதால ஸ்க்ரோல்பார் போக மிச்ச இடத்தைத்தான் கணக்கு பண்ணும். கலர், கிரேடியன்ட், இமேஜ் எதுவும் போடலாம், எக்ஸ்ட்ரா டிவ் கிடையாது. அகலத்தை ஒரு கஸ்டம் ப்ராப்பர்ட்டில (நாமளே பேர் வச்ச மதிப்பு) வச்சுட்டா நாளைக்கு 1100ஐ 1200 ஆக்குறது ஒரே வரி. மேக்ஸ் ஃபங்ஷன் 2020லயே பெரிய பிரௌசர் எல்லாத்துலயும் வந்தாச்சு. ஒண்ணு மட்டும் பார்த்துக்கணும், செக்ஷனுக்கு விட்த் 100% எழுதிடாதீங்க, எழுதினா பேடிங்கையும் அகலத்துக்குள்ள எண்ணுற பார்டர்-பாக்ஸும் சேர்த்துப் போடணும்.

இது தோக்குற இடமும் இருக்கு. சைட்டை நிர்வகிக்கிற சாஃப்ட்வேரோட (சிஎம்எஸ்) தீம் ஏற்கனவே எல்லாத்தையும் குறுகலான டிவ்ல அடைச்சிருந்தா சதவீதம் அந்த டிவ்வோட அகலத்தைத்தான் பார்க்கும், கலர் வெளிய வராது. அங்க ஒரே கலர்னா விண்டோவோட நீளமான பக்கம் அளவுக்கு (100விமேக்ஸ்) பரவுற பாக்ஸ்-ஷேடோ போட்டு கிளிப்-பாத்தால மேலயும் கீழயும் வெட்டிடலாம், ஷேடோவால ஸ்க்ரோல் வராது. ஆனா அந்த செக்ஷனுக்குள்ள டிராப்டவுன் இருந்தா அதுவும் சேர்ந்து வெட்டுப்படும்.

பேஜை நெடுவரிசையாப் பிரிக்கிற கிரிட்ல பேர் வச்ச லைன் போடுற முறையும் நல்லா இருக்கு, முக்கியமா ஒரு படம் மட்டும் ஒரு பக்க ஓரத்துக்குப் போகணும்னா பேடிங்கை விட அதுதான் வசதி, பேடிங்ல நெகட்டிவ் மார்ஜின் தேவைப்படும். கிரிட்ல மேல கீழ இருக்கிற மார்ஜின் ஒண்ணாச் சேராதுங்கிறதால (கொலாப்ஸ் ஆகாது) பாராவுக்கு நடுவுல இடைவெளி மட்டும் திடீர்னு பெருசாகும். சின்ன பேஜ்லதான் நான் இதை ஓட்டியிருக்கேன், ஆள் மாத்தி ஆள் கை வைக்கிற பெரிய சைட்ல எப்படித் தாங்கும்னு ஓட்டிப் பார்த்தவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்.