உப்புக்காற்றில் எஃப்.டி.ஏ. (FTA) ரத்த அட்டை: ஒரு மதிப்பீடு

மண்டபம், சாயல்குடிப் பக்கம் காட்டுப்பறவைகளிடம் வைரஸ் தேடுபவர்கள், ரத்தப்பொட்டைக் காயவைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப உதவும் இந்தக் காகித அட்டையை நம்பி வாங்கலாம். ஆனால் உறையில் அச்சிட்டிருக்கும் முறை மட்டும் இந்தக் கடற்கரைக்குப் போதாது.

அட்டையில் ஏற்றியிருக்கும் ரசாயனம் செல்லை உடைத்து டிஎன்ஏவைக் காப்பாற்றும், ஐஸ் வேண்டாம். ஓர் உதாரணம்: அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரைப் புல்வெளியில் அழிவின் விளிம்பில் நிற்கும் க்ரௌஸ் பறவை அட்வாட்டர் பிரெய்ரி கோழி. அதன் வளர்ப்புக் கூட்டங்களில் புகுந்து புற்றுக்கட்டி உண்டாக்கிய ஆர்.இ.வி. (ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ் வைரஸ்) ஒரு ரெட்ரோவைரஸ், பறவையின் டிஎன்ஏவுக்குள்ளேயே தன்னைச் செருகிக்கொள்ளும். அதனால் டிஎன்ஏவைப் பெருக்கி வைரஸைக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்கு ஒரு ரத்தப்பொட்டே போதும். க்ரௌஸின் குடும்பத்தைச் சேர்ந்த நம்மூர்க் கௌதாரிக்கும் இதே முறை பொருந்தும், வனத்துறை அனுமதி கையில் இருந்தால்.

இறக்கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை ஒரு வட்டத்துக்கு 125 மைக்ரோலிட்டருக்கு மேல் விடாதீர்கள். தேய்க்கவும் கூடாது, காய்ந்த பொட்டின் மேல் இன்னொரு சொட்டு விடவும் கூடாது. நிழலில் உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உறையில் சொன்ன நேரம் போதாது. பாதி காய்ந்ததை ஜிப் கவரில் போட்டால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதையும். மூடி இறுக்கமான டப்பாவில் நீல சிலிகா ஜெல் பரப்பி, அதற்குள் காயவைப்பதே நல்லது. ஜெல் இளஞ்சிவப்பானால் வேலை முடிந்தது, மாற்றிவிடுங்கள்.

ஆய்வகத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஒரு மாதிரியிலிருந்து சிறு வட்டத்தைத் துளைத்தெடுத்ததும், அதே துளைப்பானால் வெற்று அட்டையில் சில முறை துளைத்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் முந்தைய பறவையின் வைரஸ் அடுத்ததில் தெரியும். துளைத்தெடுத்த வட்டத்தை வெளுக்கும்வரை கழுவ வேண்டும். சிவப்பு மிஞ்சினால் ஹீமோகுளோபின் பிசிஆரைத் தடுத்து, நோயுள்ள பறவையையும் நோயில்லாததாகக் காட்டிவிடும்.

பறவைக்காய்ச்சலுக்கு இந்த அட்டையை மட்டும் நம்பாதீர்கள். அது ஆர்என்ஏ வைரஸ், அட்டை முக்கியமாகக் காப்பது டிஎன்ஏவை. உயிருள்ள வைரஸை வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் அட்டையில் அது செத்திருக்கும். அதற்கு பிளாஸ்டிக் தண்டுள்ள ஸ்வாப் (மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சி), வைரஸைக் கொண்டுசெல்லும் திரவமுள்ள வி.டி.எம். குழாய், 2 முதல் 8 டிகிரி குளிர்தான் வழி.

இன்னொன்று: கோழி அம்மை வைரஸின் வெளியில் பரவும் பல வகைகள் ஆர்.இ.வி.யின் மரபணுத்தொடரைத் தமக்குள் சுமக்கின்றன. ஊர்க்கோழிகளுக்கு அம்மை போட்டிருக்கும் இடத்தில் ஆர்.இ.வி. பாசிட்டிவ் வந்தால், அம்மைக்கும் தனி பிசிஆர் ஓட்டிய பிறகே முடிவு எழுதுங்கள்.