ஜிபிஎஸ்ஸா, கமராவா, போனஸா? மட்டக்களப்பு – பொத்துவில் வீதியில் ஓடும் டெலிவரி வாகனங்களுக்கு எது சரி

ஐந்து, பத்து வாகனம் வைத்துச் சாமான் இறக்கும் நிறுவனங்கள் சாரதிகளின் வேகத்தைக் குறைக்கப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் தேடுகின்றன: வாகனம் நிற்கும் இடத்தையும் ஓடும் வேகத்தையும் காட்டும் ஜிபிஎஸ் கருவி, முன்கண்ணாடியில் பூட்டும் கமரா, விபத்தில்லாமல் ஓடியவருக்கு போனஸ். மூன்றையும் எடைபோடுமுன் சம்பள முறையைப் பாருங்கள். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துவிட்டு மெதுவாகப் போகச் சொன்னால், சாரதி காசின் பேச்சைத்தான் கேட்பார். அவரிலும் பிழையில்லை.

கணக்கைப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறக்குறைய 40 கிலோமீற்றர். தடையே இல்லாமல் மணிக்கு 50 கிலோமீற்றரில் போனால் 48 நிமிடம், 70இல் 34 நிமிடம். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கும் வீதியில் அந்த 14 நிமிடத்தில் பாதிகூட மிஞ்சாது. ஆனால் ஆபத்து முழுதாக மிஞ்சும். சாரதி சுதாகரிக்க ஒரு செக்கன் என்று வைத்தால், காய்ந்த தாரில் ஒரு வான் 50இல் நிற்கச் சுமார் 28 மீற்றர் வேண்டும், 70இல் 47. மாரி மழையில் அதுவே 39உம் 67உம் ஆகும். பாரம் ஏற்றிய லொறிக்கு இன்னும் கூட.

ஜிபிஎஸ்தான் மூன்றிலும் பயனுள்ளது, ஆனால் ஒழுங்காக அமைத்தால் மட்டும். கருவி விற்கும் கடைக்காரர் வழக்கமாக 70 என்று ஒரே வேக எல்லையைப் போட்டுத் தந்துவிடுவார். காத்தான்குடியில் நடுவீதிப் பேரீச்ச மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை இறங்கும் இடத்தில் 60இல் போன வானைப் பற்றி அந்தக் கருவி மூச்சும் விடாது. அதனால் கல்லடிப் பாலம் முதல் ஆரையம்பதி வரையும், கல்முனை முதல் காரைதீவு வரையும் வரைபடத்தில் தனி வலயம் வரைந்து 40 என்று போடுங்கள். எல்லையைத் தாண்டிய வேகம் 10 செக்கனாவது நீடித்தால்தான் அலாரம் வரவேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் தடுமாறும் ஒவ்வொரு முறையும் சாரதியின் தலையில் பழி விழும், அவர் கருவியை நம்பமாட்டார்.

இணைக்கும்போது மூன்றாவது வயரை இக்னிஷனில் கொடுத்தார்களா என்று நின்று பாருங்கள். கொடுக்காவிட்டால் எஞ்சின் ஓடுகிறதா, நிற்கிறதா என்று அறிக்கையில் தெரியாது. பியூஸைக் கழற்றினால் செய்தி வரும் வசதியையும் இயக்கிவையுங்கள். கருவிக்குள் இருந்து தகவல் அனுப்பும் சிம்மில் காசு முடிந்தாலும் கருவி செத்துப்போகும்.

அறிக்கையை எண்ணிக்கையாகப் படிக்கக்கூடாது. வாரத்தில் 900 கிலோமீற்றர் ஓடி 9 அலாரம் வாங்கியவரைவிட, 300 ஓடி 6 வாங்கியவரோடுதான் முதலில் பேசவேண்டும். நூறு கிலோமீற்றருக்கு அவருக்கு இரண்டு, முதலாமவருக்கு ஒன்று. பேச்சு திங்கள் காலை, தனியாக, பத்து நிமிடம். எல்லாருக்கும் முன்னால் ஏசினால் அடுத்த வாரம் பியூஸ்தான் கழறும்.

கமரா விபத்துக்குப் பிறகு யார் பக்கம் நியாயம் என்று காட்டும். அதனால் மட்டும் வேகம் குறையாது. பதிவை ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் பலன், அதற்குச் சிறிய நிறுவனத்தில் ஆள் இல்லை. 64 ஜிபி கார்ட்டில் ஏறக்குறைய 9 மணிநேரம்தான் நிற்கும், பிறகு பழையது அழிந்துவிடும். சம்பவம் நடந்த அன்றே கார்ட்டைக் கழற்றவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வேகும் கமராவுக்குச் சாதாரண போன் கார்ட் சில மாதத்தில் பழுதாகிவிடும். கமராவுக்கென்றே விற்பதை வாங்குங்கள்.

விபத்தில்லா போனஸை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. காசு போய்விடும் என்று சின்ன இடிகளை மறைப்பார்கள், பின்னால் வரும் பெரிய இடிக்கான எச்சரிக்கை அதோடு புதைந்துபோகும். போனஸ் கொடுப்பதென்றால் செயலுக்குக் கொடுங்கள்: காலையில் டயர் காற்று, பிரேக் லைட், வைப்பர் பார்த்துக் கையெழுத்து வைத்தாரா, கண்ட பழுதைச் சொன்னாரா என்பதற்கு.

ஆகவே எங்கள் வரிசை: முதலில் ட்ரிப் காசை மாதச் சம்பளமாக்குங்கள், அடுத்து ஜிபிஎஸ், பணம் மிஞ்சினால் கமரா.

மோட்டார் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போகும் கள உத்தியோகத்தர்களுக்கு இந்த மூன்றுமே பொருந்தாது. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் வீதியோரம் நெல் காயும், பின்லைட் இல்லாத லேண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) வரும், மழை விட்ட இரவில் சூடான தாரில் மாடு படுத்திருக்கும், அம்பாறைப் பக்கம் என்றால் யானையும் உண்டு. அவர்களின் கடைசிச் சந்திப்பை மாலை 5 மணிக்கு முன்னால் முடியும்படி அட்டவணை போடுங்கள். ஓடும்போது அலுவலகத்திலிருந்து யாரும் அவர்களுக்குக் கோல் எடுக்கக்கூடாது, மனேஜர் உட்பட.