டர்பனில் ஒரு பழைய மின்கார்: பல ஆண்டு ஓட்டியபின் எழுதுவது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மெர்பேங்க் பகுதியில் வசிக்கும் நான் பல ஆண்டுகளாகப் பழைய மின்கார் ஒன்றை ஓட்டிவருகிறேன். வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் என்னிடம் விலையையும் ஓடும் தூரத்தையும்தான் கேட்கிறார்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

வண்டி ஜப்பானிய முதல் தலைமுறை மின்கார், 24 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி. பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இதில் இல்லை. டர்பன் கோடைப் புழுக்கத்தில் அது மெல்ல மெல்ல வலுவிழக்கிறது. சாட்ஸ்வர்த்துக்கோ வெள்ளிக்கிழமை உம்கேனி சாலைக் கோயிலுக்கோ போய்வரக் கவலையே இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் அப்படியல்ல. சுமார் 80 கிலோமீட்டர்தான், ஆனால் 600 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஏறும்போது பேட்டரி கண்ணெதிரே கரையும். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறிக் கொஞ்சம் திருப்பித் தரும். அங்கே சார்ஜ் ஏற்றாமல் திரும்ப நான் துணிவதில்லை. பராமரிப்புச் செலவு மிகக் குறைவு: ஆயில் மாற்ற வேண்டாம், பிரேக் கட்டையும் அவ்வளவாகத் தேயாது.

எங்கள் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையோடு தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா மிகுதி என்று ஆய்வுகளே சொல்லியிருக்கின்றன. புகை விடாத வண்டி எங்கள் தெருவில் ஓடுவது எனக்குப் பெரிய நிறைவு. ஆனாலும் கணக்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் செலவாகிறது. நாட்டின் அரசு மின்நிறுவனமான எஸ்காம் தரும் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியிலிருந்து வருவது. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு. ஆக 15 கிலோ. நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் குடிக்கும் சிறிய பெட்ரோல் காரும் ஏறக்குறைய 14 கிலோதான் வெளியிடும். எங்கள் தெருவை விட்டு நீங்கிய புகை எம்புமலங்கா மாகாணத்தில் அனல்மின் நிலையங்களின் அருகே வாழும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கூரையில் சோலார் பலகைகள் போட்டேன். அதன்பின் வண்டிக்குப் பெரும்பாலும் வெயிலிலிருந்தே மின்சாரம். நான் ஓய்வுபெற்றவன், பகலில் வண்டி வீட்டில் நிற்கிறது. வேலைக்குப் போகும் என் தம்பி மகனுக்கு அது முடியாது. அவன் வண்டி வெயில் அடிக்கும் நேரமெல்லாம் அலுவலக வாசலில் நிற்கும், இரவில்தான் வீட்டுக்கு வரும்.

உள்ளாட்சி உதவ வேண்டிய இடம் இதுதான். வரி மத்திய அரசின் கையில். ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு 18 சதவீத இறக்குமதித் தீர்வை, மின்காருக்கு 25 சதவீதம் என்ற அநியாயத்தை எந்த மாநகராட்சியாலும் மாற்ற முடியாது. ஆனால் மின்சாரத்தை வீடுகளுக்கு விற்பது மாநகராட்சி. நூலகமும் சமுதாயக் கூடமும் வாகன நிறுத்துமிடமும் அதனுடையவை. கேப் டவுன் மாநகராட்சி பெல்வில், சாமர்செட் வெஸ்ட் ஆகிய இடங்களில் பொதுமக்களுக்கான சார்ஜர்களை நிறுவி, தொடக்கத்தில் இலவசமாகவே திறந்துவிட்டது. கூரையில் மிஞ்சும் சோலார் மின்சாரத்துக்குப் பணமும் தருகிறது. 2011இல் உலகப் பருவநிலை மாநாட்டை நடத்திய நகரம் டர்பன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த வட்டாரம் இது. 2050க்குள் கரிம நடுநிலை, அதாவது வெளியிடும் கரியமில வாயுவை முழுதும் ஈடுகட்டும் நிலை, அடைவோம் என்று எங்கள் மாநகராட்சி திட்டமும் வகுத்திருக்கிறது. பகலில் வண்டிகள் நிற்கும் இடங்களிலெல்லாம் சோலார் கூரையும் அதனடியில் சார்ஜரும் அமைப்பதை அந்தத் திட்டத்தின் முதல் வேலையாகப் பார்க்க விரும்புகிறேன்.

மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது, புதிய மின்கட்டணமும் அன்றுதான். அதற்கு முன்பே வரைவு வரவுசெலவுத் திட்டத்தின் மீது மக்கள் கருத்துக் கேட்கிறார்கள். மின்கார் வைத்திருப்பவர்களும் வாங்கப்போகிறவர்களும் உங்கள் வார்டு உறுப்பினரிடம் இந்தப் பகல்நேர சார்ஜர்களை எழுத்தில் கேளுங்கள். நானும் எழுதிக் கொடுக்கிறேன்.