மாலினாய்ஸ் வயிறு: மூட்டைத் தீனியா, வீட்டுச் சோறா, பச்சைக் கறியா?

சாவு மேளமும் வெடியும் சேர்ந்து கேட்டால் மறுநாள் காலையில் ராணிக்கு வயிறு போகும். ராணி மூன்று வயது பெல்ஜியன் மாலினாய்ஸ் நாய், 24 கிலோ. சென்னை மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவுக் காவல் அவளுக்கு. அதே யார்டில் கருப்பன் என்று ஒரு நாட்டு நாயும் இருக்கிறான். டிரெய்லர் டிரைவர்கள் போடும் பரோட்டா, மீன் முள், பழைய சோறு, எதைத் தின்றாலும் அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. ராணிக்கோ கிரேனிலிருந்து ஒரு பெட்டி தடாலென்று இறங்கினாலே போதும். முதலில் கெட்டியாகப் போகும், கடைசியில் ஜெல்லி மாதிரி சீதம், சில நாள் ஒரு பொட்டு ரத்தம். அரை மணிக்கொரு தரம் முக்குவாள், வருவது ஒரு ஸ்பூன்தான். ஆனால் பந்தைக் காட்டினால் பாய்ந்து வருவாள். வாட்ச்மேன் அண்ணன் கேட்பார்: "இன்னாப்பா, ராணிக்கு மறுபடியும் புட்டுக்கிச்சா?"

இது பெருங்குடல் கோளாறு. பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் பெருங்குடலை வேகமாக இயக்குகின்றன. தண்ணீரை உறிஞ்ச நேரம் கிடைப்பதில்லை, சீதம் அதிகமாகச் சுரக்கிறது. வெகுநேரம் ஓடும்போது ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குப் போவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அதனால், எந்தச் சாப்பாட்டை மழையிலும் தீபாவளியிலும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் வைக்க முடியும் என்பதுதான் என் அளவுகோல். மூட்டையில் வரும் உலர் தீனி, வீட்டுச் சோறு, பச்சைக் கறி, மூன்றையும் ராணிக்கு மாதக்கணக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சோறு. கோழியும் அரிசியும் குழைய வேகவைத்தால் எளிதாகச் செரிக்கும். வயிறு கெட்ட இரண்டு மூன்று நாளைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. தினசரி உணவாக வைக்கும்போதுதான் இடிக்கிறது. ராத்திரி முழுக்கச் சுற்றும் 24 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1500 கலோரி வேண்டும். சோறும் கோழியுமாகக் கொடுத்தால் அது ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும். அவ்வளவு கனத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு பாய்ந்து ஓடுவது மாலினாய்ஸ் மாதிரி மார்பு ஆழமான நாய்களுக்கு நல்லதில்லை, இரைப்பை முறுக்கிக்கொள்ளலாம். எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் என்றால் கால்சியமும் பற்றாது. அப்புறம், சமைப்பவர் ஊருக்குப் போய்விட்டால் அன்றைக்கு ஹோட்டல் சோறு, பிரியாணி மிச்சம் என்று ஆகிவிடும். மசாலா இருக்கட்டும், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களையே சிதைக்கும்.

பச்சைக் கறிக்கு வாதாடுகிறவர்கள் மலம் சின்னதாகவும் கெட்டியாகவும் வரும் என்பார்கள். உண்மைதான், நானும் பார்த்தேன். புளியந்தோப்பில் மாட்டுக்கறியும் காசிமேட்டில் மீனும் விடியற்காலையிலேயே கிடைக்கும் ஊர் இது, ஆசை வரத்தான் செய்யும். ஆனால் கறி கைக்கு வந்து யார்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். சால்மொனெல்லா மாதிரிக் கிருமிகள் நாய்க்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் தட்டைக் கழுவுகிறவருக்கும் அவர் வீட்டுக் குழந்தைக்கும் வரலாம். சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் பி1 வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால் அந்தக் கெடுதல் இல்லை. ஒரு நாள் கொழுப்பு, மறுநாள் ஈரல் என்று தினமும் மாறுவதுதான் ராணிக்கு ஆகவே இல்லை. ஐஸ் பெட்டி, தனிப் பாத்திரம், ஒரே கடைக் கறி என்று ஒழுங்காக நடத்த முடிந்தால் பாருங்கள். யார்டு வாழ்க்கைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மூட்டைத் தீனியில்தான் கடைசியில் நின்றேன். வேலை நாய்களுக்கென்று வரும் கொழுப்பு கூடிய ரகம். கிட்டத்தட்ட 400 கிராமில் அதே கலோரி வந்துவிடுகிறது, இன்றைக்கும் நாளைக்கும் ஒரே சரக்கு. குறை இல்லாமல் இல்லை. நம் ஊர் ஈரக் காற்றில் திறந்த மூட்டையின் கொழுப்பு சிக்குப் பிடிக்கும், மழைக் காலத்தில் பூஞ்சை வரும். அதனால் சில்லறையாக நிறுத்துப் போடும் தீனியை வாங்காதீர்கள். மூட்டையோடு மூடி போட்ட டின்னில் வையுங்கள். பிராண்ட் மாற்றினால் ஏழிலிருந்து பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். நான் ஒரு தரம் மூன்றே நாளில் மாற்றினேன், பாவம், ஒரு வாரம் அவதிப்பட்டாள்.

சரி, சாப்பாடு நிலையான பிறகும் பதற்றம் வரும் நாட்கள் உண்டு. அதற்குத் தயிரா, புரோபயாடிக் என்ற நல்ல கிருமிப் பொடியா, பூசணியா? வீட்டுத் தயிர் இரண்டு ஸ்பூன் கெடுதல் இல்லை, ஆனால் அதில் எந்தக் கிருமி எவ்வளவு என்று அளவில்லை, அதிகம் போனால் பால் சர்க்கரையே வயிற்றைக் கலக்கும். நாய்களுக்கான பொடியில் கிருமியின் பெயரும் எண்ணிக்கையும் அச்சிட்டிருக்கும். அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம், பேதி கொஞ்சம் சீக்கிரம் அடங்கும், அவ்வளவுதான். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்தால் பலன் இருக்கலாம். ஆனால் ராணிக்கு வித்தியாசம் காட்டியது நார்ச்சத்துதான். வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒன்றிரண்டு ஸ்பூன், கிடைக்காத நாளில் தண்ணீரில் நன்றாக ஊறிய இசப்கோல் ஒரு டீஸ்பூன். தண்ணீரை இழுத்து மலத்தைச் சேர்த்துப் பிடிக்கும், பெருங்குடலின் உள்சுவருக்கும் அது தீனி. பொடியா பூசணியா என்று ஒன்றைத்தான் கேட்டால், பூசணி.

மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வேண்டவே வேண்டாம். இப்படிப்பட்ட லேசான பேதி பெரும்பாலும் தானாகவே நிற்கும், மாத்திரையோ குடலின் நல்ல கிருமிகளை வாரக்கணக்கில் குலைத்துவிடும். மனிதர்களுக்குப் பேதியை நிறுத்தக் கொடுக்கும் லோபெரமைடு மாத்திரையும் வேண்டாம், கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு அது மூளை வரை போய் விஷமாகும்.

எல்லாவற்றையும் பதற்றத்தின் மேல் போட்டுவிடவும் கூடாது. கருப்பாகப் போவது, வாந்தி, காய்ச்சல், சோர்ந்து படுப்பது, தடுப்பூசி முடியாத குட்டிக்குப் பேதி, இவற்றில் எது என்றாலும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி ஓரிடத்துக்கு உடனே போக வேண்டும். மழைக்குப் பின் யார்டில் தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், எலிக்காய்ச்சலும் இப்படித்தான் ஆரம்பிக்கலாம்.

ராணியின் நேரம் இப்போது இதுதான்: டியூட்டி முடிந்து ஒரு மணி நேரம் ஆறிய பிறகு காலை எட்டுக்குப் பெரிய பங்கு, மாலை நாலுக்குச் சின்னப் பங்கு, இரவு ஒன்பதுக்கு வேலை. வயிறு மத்தளம் மாதிரி உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, உடனே ஆபரேஷன் வேண்டும். நடுராத்திரியிலும் பார்க்கும் ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து, டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் அங்கே போக எவ்வளவு ஆகும் என்று ஒரு ராத்திரி ராணியை ஆட்டோவில் ஏற்றிப் போய்ப் பார்த்தும் வைத்திருக்கிறேன்.